பட்டறைப் பதில்கள்: ஐடிஐயா, மாமா கடையா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மற்ற மாதங்களில் மைலேஜ், சத்தம், புகை. மே, ஜூனில் பிள்ளைகள். அதனால் இந்த முறை வண்டிக் கேள்விகளை ஓரம் கட்டிவிட்டு, ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் மெக்கானிக் படிப்பதைப் பற்றி வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். அப்படியும் ஒரு ஸ்கூட்டர் நடுவில் புகுந்துவிட்டது.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 287 மதிப்பெண். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் சேர வேண்டும் என்கிறான். முதலியார்பேட்டையில் என் தம்பி இருபது வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறான். "ரெண்டு வருஷம் அங்க உக்காந்து என்ன கிழிக்கப் போறான்? என்கிட்ட அனுப்பு, ஆறு மாசத்துல இன்ஜின் இறக்க வைக்கிறேன்" என்கிறான். வீட்டுக்காரரும் தம்பி பக்கம். நான் யார் பேச்சைக் கேட்பது?
ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, உங்கள் தம்பி சொல்வது பொய்யில்லை. ஆறு மாதத்தில் இன்ஜின் இறக்கக் கற்றுக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் கற்றேன். பதினாலு வயதில், உங்கள் முதுநகரிலேயே ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், டீ வாங்கி வந்தேன், மேஸ்திரி கை நீட்டும் முன்பே பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கப் பழகினேன். ஐந்து வருடம் கழித்துத்தான் ஐடிஐ வாசலை மிதித்தேன்.

அங்கே போன முதல் மாதமே மானம் போனது. வால்வுக்கு மேலே விட வேண்டிய டாப்பெட் இடைவெளியைக் கை உணர்விலேயே வைத்துவிடுவேன் என்று வாத்தியாரிடம் பெருமை அடித்தேன். "சரி, வை" என்றார். நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், எட்டு வால்வு. வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை எடுத்து ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தார். மூன்று வால்வு தப்பு. அதில் ஒன்று அநியாய இறுக்கம். அப்படியே ஓட்டியிருந்தால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாமல், கொஞ்ச நாளில் கருகிப் போயிருக்கும். ஐந்து வருடத்தில் எத்தனை லாரியை இப்படி அனுப்பி வைத்தேனோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறையில் யாரும் எனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தகட்டை யாரும் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐடிஐயில் சேருங்கள். மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் என்பது பிரிவின் பெயர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், இரண்டு வருடம். டீசல் மெக்கானிக்கும், இரு சக்கர மூன்று சக்கர வாகன மெக்கானிக்கும் ஒரு வருடப் பிரிவுகள். மாமாவிடம் டூவீலர் கடை இருக்கிறது என்பதற்காகப் பையனை ஒரு வருடப் பிரிவில் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வருடம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். மொழிப் பாடத் தேர்வுகளையும் எழுதித் தேறிவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்ற சான்றும் வாங்கலாம். பதினாறு வயதில் எந்தக் கதவு எப்போது வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் கேட்பார். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ எல்லாம் உண்டு. பையன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

இப்போது தம்பிக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற வண்டி எல்லாம் பிஎஸ்-6 புகை விதிப்படி வருபவை. கார்புரேட்டர் போய், டூவீலரிலும் சென்சார் சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. முன்பு வண்டி அடைத்து அடைத்துப் போனால் ஜெட்டைக் கழற்றி ஊதினோம். இன்று அதே அடைப்புக்கு ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் பம்ப், ஒரு துருப்பிடித்த கனெக்டர் என்று பத்துக் காரணம் இருக்கும். வயரிங் படத்தைப் படிக்கத் தெரியாதவன் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பான். பணம் வண்டிக்காரருடையது, கெட்ட பெயர் கடையுடையது. மருமகன் அந்தப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தால் முதலில் பிழைப்பது மாமா கடைதான். இதை அவரிடம் காட்டுங்கள்.

அதற்காகப் பட்டறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐடிஐயில் இருக்கும் இன்ஜினை நூறு பிள்ளைகள் நூறு தடவை கழற்றி மாட்டியிருப்பார்கள். அதன் போல்ட்டுகள் கை வைத்தாலே கழன்று வரும். கடற்கரை ஊர் வண்டியில் பத்து வருடம் உப்புக்காற்று தின்ற சைலன்சர் நட்டைக் கழற்றிப் பார்க்கட்டும், அப்போது தெரியும். எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப் போடுவதும், சூடு காட்டுவதும், எந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் போல்ட் தலை ஒடியும் என்பதைக் கையால் உணர்வதும் வகுப்பில் வராது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறையிலும் முதலியார்பேட்டைக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். மாமா அவனுக்குக் கைச்செலவுக்குக் காசு தர வேண்டும். சொந்தப் பிள்ளை என்று சும்மா வேலை வாங்கக் கூடாது. இதையும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ் போகட்டும். போக்குவரத்துக் கழகத்திலும் நெய்வேலி என்எல்சியிலும் இந்தப் பிரிவுக்கு எடுக்கிறார்கள். பஸ் டெப்போவில் ஒரு வருடம் பிரேக் வேலை பார்த்தவனுக்கு வேறு எந்தக் கடையிலும் பயம் வராது.

கேள்வி: ஐடிஐயில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது ஐயா. இரும்புத் துண்டை அரத்தால் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தோம். அப்புறம் வெர்னியர், மைக்ரோமீட்டர். இப்போது மல்டிமீட்டரும் படம் வரைவதும். வண்டியைத் தொடவே விடவில்லை. எனக்கு வெறுத்துவிட்டது. நின்றுவிடலாமா?
மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, நிற்காதே. உன் எரிச்சல் எனக்குப் புரிகிறது. அரம் பிடித்துக் கொப்புளம் வந்த கை என்னுடையதும்தான். அரம் போடுவதில், கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் போன இரும்பு திரும்பி வராது என்பது கைக்குத் தெரிகிறது. மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா இல்லையா என்ற சண்டை எல்லாம் அந்த நூறில் இரண்டு, மூன்று பங்குக்குள்தான் நடக்கிறது.

மல்டிமீட்டருக்கு ஒரு கதை சொல்கிறேன். நான் தனியாகக் கடை போட்ட புதிதில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற ஒரு வேன் வந்தது. காலையில் செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி போச்சு என்றேன். புது பேட்டரி வாங்கிப் போட்டார். இரண்டு நாள் ஓடியது. மறுபடி 'டக்'. செல்ஃப் மோட்டாரைக் கழற்றினேன், பிரஷ் மாற்றினேன், புஷ் மாற்றினேன், கூலி வாங்கினேன். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஐஸும் மீனும் ஏற்றிய வண்டி துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. மீன் காத்திருக்குமா? ஆள் என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் ஐடிஐயில் படித்தது ஞாபகம் வந்தது. மேஜை டிராயரில் கிடந்த மீட்டரை எடுத்துப் போனேன். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைத்தேன், மறு முனையை இன்ஜின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் ஏறியது. பேட்டரியை வண்டியின் இரும்பு உடம்போடு இணைக்கும் எர்த் கேபிள்! மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராக அது சேஸியில் சேரும் இடத்தில்தான் சொட்டியிருக்கிறது. வெளியே பார்க்கக் கேபிள் நன்றாக இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பச்சையும் துருவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து இறுக்கினேன், பத்து நிமிட வேலை. பேட்டரிக் காசைத் தவணையில் திருப்பிக் கொடுத்தேன். செல்ஃப் மோட்டார் கூலியை அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உன் வாத்தியார் மல்டிமீட்டர் பாடம் எடுக்கும்போது நான் அந்த வேனில் பார்த்த வோல்டேஜ் டிராப்பை, அதாவது கேபிள் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை, எப்படிப் பார்ப்பது என்று நீயாகக் கேள். கேட்கிற பிள்ளைக்கு எந்த வாத்தியாரும் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பார். இன்ஜின் எங்கும் ஓடிவிடாது, இந்த வருடமே கைக்கு வரும். கியர்பாக்ஸும் பிரேக்கும் அடுத்த வருடம்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஸ்கூட்டர் முழுதாக மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஐடிஐ படிக்கும் என் மகன் "செல்ஃப் அடிக்காதீங்கப்பா" என்றான். நேற்று முளைத்தவன் என்ன சொல்வது என்று அடித்தேன். இன்ஜின் வேலைக்குப் பதினோராயிரம் ஆனது. இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். உண்மையிலேயே செல்ஃப் அடித்ததால்தான் போனதா?
ஒரு தந்தை, ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: பிள்ளை ஜெயித்துவிட்டான், ஒத்துக்கொள்ளுங்கள். அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த வாரம் முழுக்க எனக்கும் என் பழைய மாணவர்களுக்கும் இதே வேலைதான்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது செல்ஃப் அடித்தால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். தள்ளுகிற வேகம் எங்கேயாவது போயாக வேண்டும், கனெக்டிங் ராடு வளைகிறது. சில வண்டியில் பிளாக்கே விரிசல் விட்டுவிடும். மூழ்கிய வண்டிக்குச் சாவியே போடக் கூடாது. பேட்டரியின் எர்த்தை முதலில் கழற்றி, பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கிக்கரால் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். பெல்ட் பெட்டிக்குள்ளும் தண்ணீர் நிற்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மகன் முதல் வருடம்தான் என்றால், இது அவனுக்குப் பாடத்தில் வந்திருக்காது. நாலு ஸ்ட்ரோக் என்ன செய்கிறது என்று படித்துவிட்டு மிச்சத்தை அவனே யோசித்திருக்கிறான். பதினோராயிரத்தை அவன் படிப்புச் செலவில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர ஆசை. பெண் பிள்ளை கியர்பாக்ஸ் தூக்க முடியுமா, கையெல்லாம் கறுத்தால் யார் கட்டுவார்கள் என்று பாட்டி அழுகிறார். வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் இருந்தால் என்ன செய்வது?
மாணவி, பண்ருட்டி

பதில்: பாப்பா, கியர்பாக்ஸை நானும் தனியாகத் தூக்கியதில்லை. ஜாக்கி, டிராலி, செயின் கப்பி எல்லாம் எதற்கு இருக்கின்றன? தனியாகத் தூக்கிக் காட்டிய வீரர்கள் என் வயதில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பாட்டியிடம் இதைச் சொல்லிவிடு. கல்யாணப் பேச்சை அவரோடு நீயே முடித்துக்கொள், அதில் நான் தலையிட மாட்டேன்.

பிரிவு பெண்களுக்கும் திறந்ததுதான். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நான் பாடம் எடுத்த காலத்தில் ஒரு வருடம் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு வயரிங்கில் இருந்த பொறுமை மற்ற முப்பது பேருக்கும் சேர்த்து இல்லை. கூந்தலை இறுக்கிக் கட்டி உள்ளே செருகிவிடு, ஓடுகிற இன்ஜின் பக்கம் துப்பட்டாவோடு போகாதே, மோதிரம் வளையல் வேண்டாம். மோதிரத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஸ்பேனர் பட்டால் மோதிரம் பழுத்துவிடும். காப்பும் கயிறும் கட்டிய பையன்களுக்கும் இதே விதிதான், அவர்கள்தான் கேட்பதில்லை.

தொல்லை வேறு இடத்தில் வரும். பல ஒர்க் ஷாப்புகளில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது, உடை மாற்ற இடம் கிடையாது. அப்ரென்டிஸ் சேரும் முன் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு, கேட்க வெட்கப்படாதே. இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்ததும் "நீ முன்னாடி கவுண்டர்ல உக்காரும்மா, கஸ்டமர்கிட்ட பேசு" என்பார்கள். உனக்குப் பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால், ஸ்பேனர் பிடிக்கத்தான் படித்தேன் என்று முதல் நாளே சொல்லிவிடு. ஒரு வருடம் கவுண்டரில் உட்கார்ந்தால் கை மறந்துவிடும்.

கேள்வி: எனக்கு 42 வயது. வில்லியனூரில் பதினெட்டு வருடமாக டூவீலர் கடை. சான்றிதழ் எதுவும் இல்லை. தெருவில் பாதி எலக்ட்ரிக் ஸ்கூட்டராகத் தெரிகிறது. இனிமேல் படிக்க முடியுமா? கடையை மூடிவிட்டு வேறு தொழில் பார்க்கலாமா என்றுகூட யோசனை.
மெக்கானிக், வில்லியனூர்

பதில்: கடையை மூடாதீர்கள் தம்பி. எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் டயர் தேயும், பிரேக் ஷூ தேயும், வீல் பேரிங் கத்தும், ஃபோர்க் ஒழுகும். பதினெட்டு வருடம் நீங்கள் செய்ததில் பாதி அப்படியே அங்கும் இருக்கிறது. நின்று போனது ஆயிலும் பிளக்கும்தான்.

மிச்சப் பாதிக்கு மின்சாரம் படிக்க வேண்டும். ஸ்கூட்டரில் பெரும்பாலும் 48, 60, 72 வோல்ட். பேட்டரி முனைகள் ஷார்ட் ஆனால் ஸ்பேனரை வெல்டிங் வைத்துவிடும். காரில் 300 வோல்ட்டுக்கு மேல், அது ஆளையே முடித்துவிடும். ஆரஞ்சு நிறக் கேபிளைப் பார்த்தால், அதற்கென்று பயிற்சி எடுக்கும்வரை கை வைக்காதீர்கள். பழைய மெக்கானிக்குகளிடம் எனக்குப் பயமே இந்த இடத்தில்தான். 12 வோல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்துப் பழகிய கை நம்முடையது.

நீங்கள் இரண்டு வருடம் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர், ஆர்பிஎல் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் அரசு ஆண்கள் ஐடிஐ உங்களுக்குப் பக்கம்தான். நேரில் போய்க் குறுகிய காலப் பயிற்சி எப்போது நடக்கும் என்று விசாரியுங்கள். போனில் கேட்டால் ஒன்றும் நடக்காது.

ஆனால் முதலில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கற்றுக்கொள்ளுங்கள். நாளை உங்கள் கடை வாசலில் வந்து நிற்கப்போவது அதுதான். இன்ஜின் விளக்கு எத்தனை தரம் மினுக்குகிறது என்பதை எண்ணிப் பழுதின் எண்ணைக் கண்டுபிடிப்பது, பெட்ரோல் பிரஷர் பார்ப்பது, சென்சாருக்கு ஐந்து வோல்ட் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றும் வந்துவிட்டால், பழுதைத் திரையில் காட்டும் ஸ்கேனர் வாங்கலாம். இவை தெரியாமல் ஸ்கேனர் வாங்கியவர்கள், அது சென்சார் பெயரைக் காட்டியதும் அந்த சென்சாரையே மாற்றிவிட்டு, வண்டி ஏன் இன்னும் அடைக்கிறது என்று எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்கிறார்கள்.

கேள்வி: முதல் உதவித்தொகை வந்திருக்கிறது. என்ன டூல் வாங்கலாம்?
மாணவர், பாகூர்

பதில்: ஒரு சுமாரான டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஃபீலர் கேஜ். ஸ்பேனர் செட்டுக்கு அவசரமில்லை, போகிற இடத்தில் இருக்கும். எப்போது வாங்கினாலும் பத்தாம் நம்பரில் இரண்டாக வாங்கு. இரவல் கொடுத்த பத்தாம் நம்பர் ஸ்பேனர் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

கேள்வி: தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆறு மாதம் படித்தால் வளைகுடாவில் வேலை நிச்சயம் என்கிறார்கள். 85,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: கட்டும் முன், வேலை நாளில் சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் கையில் எண்ணெய் இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் மேல் தூசி படிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்சிவிடி) இருக்கிறதா, இருந்தால் எந்தப் பிரிவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வாசலில் தொங்குகிற பலகையை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த முகவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: கையில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. பெட்ரோலில் கழுவலாம் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?
மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பெட்ரோல் வேண்டாம். தோல் வறண்டு வெடித்து, அந்த வெடிப்பிலேயே கறுப்பு நிரந்தரமாகக் குடியேறிவிடும். முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய். கிரீஸ் இளகும். அப்புறம் மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து தேய்த்துக் கழுவு. நகத்துக்கு மட்டும் ஒரு வழி உண்டு. காலையில் வேலை தொடங்கும் முன் ஈர சோப்புக் கட்டியைப் பத்து விரலாலும் பிராண்டி, நக இடுக்கு முழுக்க சோப்பை நிரப்பிக்கொள். சாயங்காலம் கழுவும்போது சோப்போடு அழுக்கும் வந்துவிடும்.

இந்த வித்தையை நான் தெரிந்துகொண்டது முப்பது வயதுக்கு மேல். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. தாலி கட்டும் படத்தில் என் நகம் பத்தும் கறுப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி ஆல்பத்தில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்.